ஒரு & போடணுமா, இரண்டா?

சி லேப்ல இஃப் கண்டிஷன் எழுதும்போது & போடுவதா, && போடுவதா என்று ஒரு நொடியாவது முழிச்சிருப்பீங்க. அந்த இரண்டுக்கும் மூலமான கணிதத்தைத் தந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. பெயர் ஜார்ஜ் பூல்.

1815-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். ஆனால் மனசெல்லாம் டெலஸ்கோப் செய்வதில்தான்! கடை என்ன ஆகும்? படுத்துவிட்டது. 16 வயதில் மகன் உதவி ஆசிரியராகிக் குடும்பத்தைத் தாங்கினார். 19-இல் சொந்தப் பள்ளி. உயர்கணிதம் முழுக்க புத்தகம் பார்த்துத் தானே படித்தது. 1844-இல் ராயல் சொசைட்டியின் தங்கப் பதக்கம். 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் புதிதாகத் திறந்த குவீன்ஸ் கல்லூரிக்கு முதல் கணிதப் பேராசிரியர். கையில் டிகிரியே கிடையாதுங்க.

1847-லும் 1854-லும் தர்க்கத்தைக் கணக்காக்கி இரண்டு புத்தகங்கள் எழுதினார். யோசனை எளிமையானது. 'மூன்றாம் ஆண்டு' என்பதையும் 'ஹாஸ்டல்' என்பதையும் பெருக்கினால், ஹாஸ்டலில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். சரி, ஹாஸ்டலை ஹாஸ்டலால் பெருக்கினால்? அதே ஆட்கள்தான்! தன்னைத் தானே பெருக்கியும் மாறாத எண்கள் எவை? 0, 1 மட்டுமே. 1937-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற மாணவர் இதை ரிலே சுவிட்சுகளுக்குப் பொருத்திக் காட்டினார்.

ஒற்றை & அந்தப் பெருக்கலை பிட் பிட்டாகச் செய்கிறது. 6 என்பது 110, 1 என்பது 001. எந்த இடத்திலும் இரண்டு 1 சேரவில்லை, விடை 0. && அப்படி இல்லை. பூஜ்ஜியம் இல்லாத எதுவும் அதற்கு 'உண்மை'தான். அதனால் 6 && 1 என்றால் விடை 1. எர்ரர் எதுவும் வராது, விடைதான் மாறும். அதுதான் ஆபத்து.

இன்னொன்று. அவர் கணிதத்தில் இடம் வலம் மாற்றினாலும் ஒன்றுதான். &&-இல் அப்படி மாற்ற முடியாது. இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தை அது தொடவே தொடாது. பாயின்டர் நல் இல்லையே என்று இடப்பக்கம் பார்த்துவிட்டு, வலப்பக்கம் அதன் மதிப்பை எடுக்கிறோமே, அது இந்த தைரியத்தில்தான். அங்கே ஒற்றை & போட்டால் இரண்டு பக்கமும் ஓடும்; பாயின்டர் நல்லாக இருந்தால் புரோகிராம் பெரும்பாலும் அங்கேயே படுத்துவிடும்.

1855-இல் மேரி எவரெஸ்டை மணந்தார். ஆமாம், சிகரத்துக்குப் பெயர் தந்த எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள்தான். ஐந்து பெண் குழந்தைகள். 1864 நவம்பரில் கொட்டும் மழையில் சுமார் மூன்று மைல் நடந்து கல்லூரிக்குப் போனவர், ஈர உடையோடே பாடம் எடுத்தார். காய்ச்சல் நிமோனியா ஆகி, டிசம்பர் 8 அன்று, 49 வயதில் போய்விட்டார். அப்போது மூன்றாவது மகள் அலிசியாவுக்கு வயது 4. பின்னாளில் அவரும் கல்லூரிக்குப் போகாமலே நான்கு பரிமாண வடிவியலில் பெயர் வாங்கினார்.