கணக்கு அலுவலகத்திலிருந்து நோபல் பரிசு வரை

நம் பெண்ணாடத்தில் ரயிலேறினால் போய்விடலாம் திருச்சிக்கு. அங்கே திருவானைக்காவலில்தான் 1888 நவம்பர் 7 அன்று சர் சி.வி. ராமன் பிறந்தார். அவர் பத்து ஆண்டுகள் அரசுக் கணக்கு பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

1907-இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலை. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடம். 1917-இல், பதவி உயர்வு காத்திருந்த அந்த வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். குடும்பஸ்தர்களான நாம் துணிவோமா, யோசித்துப் பாருங்கள்.

பலன் 1928 பிப்ரவரி 28 அன்று கிடைத்தது. உடன் உழைத்தவர் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன். மூலக்கூறில் மோதும் ஒளித்துகள்களில் பெரும்பாலானவை அதே ஆற்றலுடன் சிதறும். மிகச் சிலவோ ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளிவரும். மூலக்கூறு இஷ்டத்துக்குச் சில்லறை வாங்காது. தன் ஆற்றல் படிகளுக்குப் பொருந்தும் தொகையை மட்டுமே வாங்கும். ஆகவே ஒளி இழந்ததைக் கணக்கிட்டால், பொருள் இன்னதென்று சொல்லிவிடலாம். போலி மருந்தைக் கண்டுபிடிக்க இன்றும் இந்த முறை உதவுகிறது.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. 1970-இல் மறைந்தார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அன்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ராமன் கதையைச் சொல்லும்போது கிருஷ்ணன் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.