சேற்றுநீர் என்னும் பெயர் பெற்ற இசைவாணர்

அமெரிக்க நாட்டின் தென்பாகத்திலே, மிசிசிப்பி மாநிலத்து வண்டல் நிலங்கள் பருத்திக்குப் பேர்போனவை. அந்நிலத்தை உழுது விளைத்த கறுப்பின மக்கள், அடிமைத்தளை நீங்கிய பின்னரும், விளைவிற் பெரும்பங்கை நிலக்காரருக்கு அளந்துவிட்டுக் கடனோடு வீடு திரும்பும் வாரக்குடிகளாகவே வாழ்ந்தனர். அவர்தம் துயரிலும் எள்ளலிலும் பிறந்த பாட்டு புளூஸ் எனப்படும். வயற்புறத்துத் தனிப்பாட்டாய் இருந்த அதனை நகரத்தின் குழுவிசையாக வகுத்தோருள் தலையாயவர் மடி வோற்றர்ஸ்.

இயற்பெயர் மக்கின்லி மோர்கன்பீல்ட். ஏப்பிரல் 4ஆந் தேதி பிறந்தவர் என்பர். ஆண்டு 1913 எனப் பழைய பதிவுகளும், 1915 எனக் கல்லறையும் கூறும். இளமையிலேயே தாயை இழந்த குழந்தையைப் பாட்டியார், கிளாக்ஸ்டேல் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரோவல் தோட்டத்தில் வைத்து வளர்த்தார். சேற்றை அளைந்து விளையாடிய பேரனுக்கு அம்முதியவர் இட்ட செல்லப்பெயர் மடி; சேறுபட்டவன் என்பது பொருள். வோற்றர்ஸ் என்னும் நீர்ப்பெயர் பின்னர் ஒட்டிக்கொண்டது.

முதலிற் பயின்றது ஹார்மோனிக்கா என்னும் வாய்க்கருவி. பதினேழாம் வயதில் இரண்டரை டொலருக்கு ஒரு கிற்றார் வாங்கினார். சன் ஹவுஸ் என்னும் மூத்த கலைஞர் பாடும் இடந்தோறுஞ் சென்று, அவர் கைவண்ணத்தைக் கண்ணாற் பார்த்தே கற்றார். புட்டியின் கழுத்தை அறுத்து விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசிப்பது அந்நாட்டு முறை. கோட்டுவாத்தியத்தில் கட்டையை நரம்பின்மேல் ஓட்டுவதை அறிந்தோர்க்கு இதன் நயம் எளிதில் விளங்கும். சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணொலிகள் மனிதக் குரல்போல் அழுது இழையும்.

1941இல் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் நாட்டுப்பாடல் தேடிவந்த அலன் லோமாக்ஸும், பிஸ்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோன் வேர்க்கும் அவரது குடிசையிலேயே ஒலிப்பதிவு செய்தனர். பின்னர் இரண்டு இசைத்தட்டுகளும் இருபது டொலர்க் காசோலையும் அஞ்சலில் வந்தன. தம் குரல் தட்டிலேறியதைக் கேட்ட உழவர் அதன்பின் பழைய உழவராக இருத்தல் அரிது. எனினும் அவரை ஊரைவிட்டுப் பெயர்த்தது காசு. உழவு இயந்திரம் ஓட்ட மணிக்கு இருபத்திரண்டரைச் சதம் பெற்றவர் இருபத்தைந்து கேட்டார்; மேற்பார்வையாளர் சினந்து மறுத்தார். 1943இல் சிக்காகோவுக்குப் புகைவண்டி ஏறினார். இந்த இரண்டரைச் சதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

சிக்காகோவிற் பகலில் ஆலைவேலையும் பாரவண்டி ஓட்டலும், இரவில் இசை. கூச்சல் மலிந்த மதுச்சாலையில் மரக்கிற்றார் எடுபடாமையால் மின்கிற்றாருக்கு மாறினார். 1948இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டொன்று ஓரிரு நாளிலேயே விற்று முடிந்தது. ஆயினும் வெளியீட்டாளராகிய லெனாட் செஸ், விற்ற முறையை மாற்ற அஞ்சி, நெடுநாள் அவரது முழுக்குழுவையும் ஒலிப்பதிவுக்கு அழைத்தாரில்லை. ஆதலால் தட்டிற் கேட்டது ஒன்று, மேடையிற் கேட்டது வேறு.

அம்மேடைக் குழுவே அவரது உண்மையான படைப்பு என்பது என் துணிபு. ஜிம்மி றொஜேர்ஸ் இரண்டாங் கிற்றார், லிற்றில் வோல்ற்றர் ஹார்மோனிக்கா, எல்ஜின் எவன்ஸ் முழவு, சிறிது பிந்தி ஒற்றிஸ் ஸ்பான் பியானோ. மற்றைக் குழுக்கள் வாசிக்கும் இடங்களுக்குச் சென்று போட்டியில் வென்று மீள்வதால், தலைவேட்டைக்காரர் என்றே இவர்களுக்குப் பெயர். தலைவரோ தாம் ஒதுங்கித் துணைவரை முன்னிறுத்துவார். ஐம்பதுகளின் நடுவிற் கிற்றாரையே பெரும்பாலும் பிறர் கையில் விட்டுப் பாட்டோடு அமைந்தார். வகுப்பிலே மாணவனைப் பேசவிட்டுத் தாம் வாளாவிருக்க வல்ல ஆசிரியர் எத்துணை அரியர் என்பதை இத்தொழிலில் நரைத்தவனாகிய நான் அறிவேன்.

அப்படி முன்னிறுத்தப்பட்டவர் பிரிதலும் இயல்பே. 1952இல் மடியின் ஒலிப்பதிவு முடிந்த கையோடு குழுவின் மேடை மெட்டொன்றை வோல்ற்றர் தம் பெயரிற் பதிந்தார். அது கறுப்பின மக்களின் இசைத்தட்டு வரிசையில் முதலிடம் பெற்றது. தென்மாநிலச் சுற்றுலாவின் நடுவிலேயே அவர் குழுவை விட்டகன்று, ஜூனியர் வெல்ஸ் இருந்த குழுவுக்குத் தலைவரானார்; அந்த வெல்ஸ் மடியிடம் வந்து சேர்ந்தார். பகை வளரவில்லை. வோல்ற்றர் பின்னும் பல ஆண்டு மடியின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். 1954இல் ஜேம்ஸ் கொற்றன் வந்தார். அவரும் பின்னர்த் தனிக்குழு கண்டார். ஸ்பானோ மடியின் வீட்டு நிலவறையிலேயே குடியிருந்து, 1969 வரை உடனிருந்தார். 1968இல் வோல்ற்றரையும் 1970இல் ஸ்பானையும் இளவயதிலேயே சாவு கொண்டது.

1958இல் ஸ்பானோடு இங்கிலாந்து சென்றபோது, மின்கிற்றாரின் பேரொலி அங்குள்ள நாட்டுப்பாடல் அன்பரை அதிரவைத்தது. அவர்கள் பழைய வயற்பாட்டை எதிர்பார்த்திருந்தனர். அவ்வொலியாற் கவரப்பட்ட இளைஞருஞ் சிலர் இருந்தனர். 1962இல் லண்டனில் எழுந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே அவரது பாட்டொன்றிலிருந்து கொண்டது.

1969இல் நேர்ந்த கார் விபத்து உடலை வருத்திற்று. ஆயினும் 1977இல் ஜொனி வின்ரரின் துணையோடு வெளியிட்ட இசைத்தட்டு அவரை மீண்டும் முன்னணியில் நிறுத்தியது. கிராமி விருதுகள் ஆறு கிடைத்தன. 1978இல் வெள்ளை மாளிகையிற் பாடினார்.

1980இல், ஊதியம் முதலியவை பற்றி முகாமையோடு எழுந்த பிணக்கினால் அவரது குழுவினர் ஒருங்கே விலகினர். பியானோக் கலைஞர் பைன்ரொப் பேர்கின்ஸ் பத்தாண்டுக்கு மேலும், முழவுக் கலைஞர் வில்லி சிமித் இடையீட்டோடு ஏறத்தாழ இருபதாண்டும் உடனிருந்தவர்கள். இரண்டரைச் சதத்துக்காகத் தோட்டத்தை விட்டு வந்தவர், தம்முடைய மக்களின் கணக்கை முகாமையிடம் விட்டிருத்தலாகாது என்றே எனக்குத் தோன்றுகின்றது. நோயும் முதுமையும் ஒருபுறம் இருந்தன என்பதையும் மறத்தற்கில்லை. புதிய குழுவொன்றைக் கூட்டி வாசித்தவர், 1983 ஏப்பிரல் 30ஆந் தேதி இலினொய் மாநிலத்து வெஸ்ற்மொன்ற் ஊரில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர்நீத்தார்.

விலகியவர்களுட் சிலர் வேறொரு பெயரிற் குழு அமைத்து அதே இசையை ஊரூராக வாசித்தனர். பேர்கின்ஸும் சிமித்தும் இணைந்து வெளியிட்ட தட்டொன்றுக்கு 2011இல் கிராமி விருது கிடைத்தது. அப்போது பேர்கின்ஸுக்கு வயது 97. அவ்வாண்டிலேயே இருவரும் மறைந்தனர்.