அன்னை சாவித்திரிபாய் பூலே

மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்து நைகாவ் எனும் சிற்றூரில் 1831-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவர் சாவித்திரிபாய். 1840-இல் ஜோதிராவ் பூலேயை மணந்தபோது அவர் எழுத்தறியாதவர். கணவரிடம் கற்று, ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

1848-இல் இருவரும் புனே நகரில் பெண்கள் பள்ளி தொடங்கினர். வழியில் சாதி வெறியர் சாணமும் கல்லும் வீசினர். மாற்றுச் சேலை எடுத்துச்சென்று பாடம் நடத்தினார் அன்னை. 1851-க்குள் பெண்கள் பள்ளிகள் மூன்றாயின. பின்னர் மாங், மகர் குலச் சிறார்க்கும் பள்ளிகள் எழுந்தன.

இது தனியொருவர் சாதனையன்று. பிள்ளைகளைத் திரட்ட லகுஜி சால்வே துணைநின்றார். பள்ளிப்பணியைப் பகிர்ந்துகொண்டார் பாத்திமா ஷேக். 1856-இல் நோயுற்றுத் தாய்வீட்டில் தங்கிய அன்னை, பாத்திமாவின்மேல் சுமை கூடுமே என வருந்தியும், அவர் முணுமுணுக்காமல் தாங்குவார் என நம்பியும் கணவருக்கு மடல் எழுதினார். ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் தாங்குவார் எனும் நம்பிக்கை அது.

அதன் பயனும் விளைந்தது. மாங் குல மாணவி முக்தாபாய் தம் மக்களின் துயரை எழுதிய கட்டுரை 1855-இல் ஞானோதய இதழில் வெளிவந்தது. கல்வி மறுக்கப்பட்ட குலத்தின் குரல் அச்சேறியது.

1897-இல் பிளேக் நோயாளர்க்குத் தொண்டாற்றுகையில் அந்நோய் தொற்றி, மார்ச் 10-ஆம் நாள் அன்னை மறைந்தார்.

இளைஞர்களே! ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்கினால் அது கணக்காசிரியரின் கவலை மட்டுமன்று. கற்பிப்போர் அனைவரும் கூடிப் பேசித் தீர்க்கவேண்டிய கவலை. படித்த நீங்களும் கூடி நின்று நம் பிள்ளைகளைக் கைதூக்கி விடுங்கள். அதுவே அன்னைக்குச் செய்யும் நன்றி.