லோகோ மட்டும் போதுமா? கெட்டிலுக்கும் ஃபேக்டரிக்கும் ஒரே முகம் கொடுத்த பீட்டர் பெஹ்ரன்ஸ்

உங்க போன், அதோட சார்ஜர், அது வந்த டப்பா, அதை விற்ற ஷோரூம்... நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கா? அது தற்செயல் இல்லை. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனி டிசைன் டீம் வைத்திருக்கின்றன. 1907-ல் இந்த வேலைக்குச் சரியான பெயர்கூட இல்லை. அந்த ஆண்டு ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்துக்காக இந்த வேலையைக் கையில் எடுத்தவர் பீட்டர் பெஹ்ரன்ஸ்.

யார் இவர்?

1868-ல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். படித்தது ஓவியம். ஆர்க்கிடெக்சர் டிகிரி எல்லாம் கிடையாது. டார்ம்ஸ்டாட் நகரின் கலைஞர் குடியிருப்பில் 1901-ல் தனக்கென ஒரு வீடு கட்டினார். அவர் கட்டிய முதல் கட்டடமே அதுதான். சுவரோடு விட்டாரா மனுஷன்? நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு, கண்ணாடிக் குவளை வரைக்கும் அவரே வரைந்தார். எல்லாம் ஒரே கையில் இருந்து வர வேண்டும் என்ற பிடிவாதம் அப்போதே இருந்திருக்கிறது.

ஏ.இ.ஜி.க்கு இவர் எதற்கு?

எமில் ராத்தெனாவ் 1883-ல் எடிசன் பெயரில் தொடங்கிய கம்பெனி, 1887-ல் ஏ.இ.ஜி. ஆனது. பல்பில் ஆரம்பித்து, மின்சாரம் தயாரிக்கும் டர்பைன் வரை செய்தது. பொருட்கள் பெருகின, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் தெரியவில்லை. லோகோவே சில ஆண்டுகளில் ஓரிரு முறை மாறிவிட்டது. பெஹ்ரன்ஸ் அங்கே ஊழியராகச் சேரவில்லை. தனியாக ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, கலை ஆலோசகராக வேலை செய்தார். அறுகோணக் கட்டங்களுக்குள் மூன்று எழுத்துகள் என்று ஒரு தேன்கூடு லோகோ வரைந்தார். கேட்லாக், போஸ்டர், விளக்கு, மின்விசிறி என எல்லாவற்றுக்கும் ஒரே வடிவ ஒழுங்கைக் கொண்டுவந்தார்.

இதில் உண்மையான விஷயம் கெட்டில்தான். 1909-ல் வந்த மின்சார கெட்டிலுக்கு அவர் வைத்தது மூன்றே அடிப்படை வடிவங்கள்: உருண்டை, முட்டை வடிவம், எட்டுப் பட்டை. அளவும் மூன்று. பித்தளை, செம்புப் பூச்சு, நிக்கல் பூச்சு எனச் சில உலோகங்கள். மூடி, கைப்பிடி, அடிப்பாகம் ஆகியவற்றில் பலவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். இப்படிச் சேர்த்தால் 80-க்கும் மேற்பட்ட கெட்டில்கள் சாத்தியம். கடைக்கு வந்தவை சுமார் 30. வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கு. ஃபேக்டரிக்குச் செய்ய வேண்டிய பாகங்களோ கொஞ்சம்தான். எதை எடுத்தாலும் ஏ.இ.ஜி. கெட்டில் என்று தெரியும். அதாவது, ஒரே தோற்றம் என்பது அழகுக்காக மட்டும் இல்லை. உற்பத்திச் செலவும் அதில்தான் அடங்கியிருந்தது. லோகோவை ஒட்டினால் பிராண்டிங் முடிந்தது என்று நினைக்கும் ஸ்டார்ட்அப்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த கெட்டிலைத்தான்.

சின்னதா ஒரு பித்தலாட்டமும் உண்டு. சில மாடல்களில் கையால் சுத்தியல் தட்டியது போன்ற மேற்பரப்பு இருக்கும். மெஷினில் செய்த பொருள்தான், ஆனால் கைவேலை மாதிரி காட்ட வேண்டியிருந்தது!

அதே 1909-ல் பெர்லினில் எழுந்த டர்பைன் ஃபேக்டரியும் அவர் டிசைன்தான். கட்டமைப்புக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டவர் இன்ஜினீயர் கார்ல் பெர்ன்ஹார்ட். இரும்பு, கண்ணாடி, நெற்றியில் அதே தேன்கூடு லோகோ. கட்டடமே விளம்பரம். கனமாகத் தெரியும் அதன் கான்கிரீட் மூலைகள் உண்மையில் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. இங்கேயும் கொஞ்சம் வேஷம்தான்.

அந்த ஆண்டுகளில் அவருடைய ஸ்டுடியோவில் வேலை பார்த்த மூன்று இளைஞர்களின் பெயர்: வால்டர் குரோபியஸ், மீஸ் வான் டெர் ரோஹே, லெ கொர்பூசியே. பின்னாளில் குரோபியஸ் பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கினார். லெ கொர்பூசியே சண்டிகரை வடிவமைத்தார்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. 1916-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் முகப்பில் ஜெர்மன் மக்களுக்கு என்ற வாசகம் பொறிக்கப்பட்டபோது, அதன் எழுத்துருவை வடிவமைத்ததிலும் இவர் பங்கு உண்டு. போருக்குப் பிறகு வியன்னாவில் பேராசிரியர் வேலை. அடுத்து வருவதை அவருடைய ரசிகர்கள் சட்டென்று தாண்டிப் போவார்கள். 1936-ல், நாஜி ஆட்சியில், பெர்லினுக்குத் திரும்பிப் பிரஷ்யக் கலை அகாடமியில் பொறுப்பேற்றார். ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பீர் திட்டமிட்ட புதிய பெர்லினில், ஏ.இ.ஜி.க்கான தலைமை அலுவலகத்தை வரைந்துகொடுத்தார். ஒரு கம்பெனிக்கு முகம் செய்யும் கை, அந்த ஆட்சியின் தலைநகருக்கும் முகம் செய்யத் தயாராக இருந்தது. கெட்டிலைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடம் எழவே இல்லை. 1940 பிப்ரவரியில் பெர்லினில் அவர் இறந்தார்.

ஏ.இ.ஜி. நிறுவனம் 1996-ல் கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே அதன் வீட்டு உபயோகப் பொருள் பிரிவை எலக்ட்ரோலக்ஸ் வாங்கியிருந்தது. அந்த மூன்று எழுத்துகள் இன்றும் ஐரோப்பியக் கடைகளில் வாஷிங் மெஷின்கள் மேல் இருக்கின்றன. டர்பைன் ஃபேக்டரியும் பெர்லினில் அப்படியே நிற்கிறது.