மண்ணுக்கடியில் இருந்ததையும் எண்ணிய கர்னல்

பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளம் போகிறவர் கேரளத்தை விட்டு வெளியே வந்து, தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாக மலையேறி, டாப்ஸ்லிப்பைக் கடந்து மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். ஆனைமலையில் எல்லைக்கோடு அப்படி வளைந்து கிடக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலும் இதே கதைதான். பாலக்காடு சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்தது. காட்டின் ஒரு பகுதி கொச்சி மகாராஜாவுக்கும், மூணாறுப் பக்கத்து உயர்ந்த மலைகள் திருவிதாங்கூருக்கும் உரியவை. இடுக்கி என்றொரு மாவட்டமே 1972-இல் பிறந்ததுதான். இந்தக் கோடுகளுக்கெல்லாம் இருபுறமும் சுற்றி, அங்கே ஊர்வனவற்றுக்கும் தத்துவனவற்றுக்கும் முதன்முதலாகப் பேரேடு எழுதியவர்களில் தலையாயவர் கர்னல் பெடோம்.

ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1830-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி லண்டனை அடுத்த கிளாப்பமில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். மகனையும் அதே தொழிலில் விடத்தான் விரும்பினார்கள். பையனுக்கு அதில் மனம் செல்லவில்லை. பதினெட்டாவது வயதில், 1848-இல், சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார். 42-ஆவது காலாட்படையில் உத்தியோகம். அங்கே அவர் துவிபாஷி வேலையும் பார்த்தார். பின்னாளில் காட்டுக்குள் போனவருக்கு அந்தப் பேச்சுப்பழக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நாளில் ஆனைமலைத் தேக்குக்கு நல்ல கிராக்கி. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு மரம் வேண்டும். புதிதாகப் போடப்பட்ட ரயில் பாதைக்குக் கட்டைகள் வேண்டும். கொல்லங்கோட்டு நம்பிடியிடமிருந்து சர்க்கார் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால்தான் டாப்ஸ்லிப் என்ற பெயரே வந்தது என்பார்கள். இப்படியே வெட்டிக்கொண்டு போனால் காடு மிஞ்சாது என்று கண்ட பிறகு வனத்துறை ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் கிளெகார்ன் என்ற டாக்டர். அவருக்கு உதவியாளராக 1857-இல் எடுக்கப்பட்டவர் பெடோம். மூன்றே ஆண்டில், 1860-இல், துறையின் தலைமை அவர் கைக்கு வந்தது. 1882-இல் ஓய்வு பெறும் வரை அதே பொறுப்புத்தான்.

சம்பளம் வாங்கியது மரத்துக்காக. அதில் அவர் குறை வைக்கவில்லை. தென்னிந்திய மரங்களைப் பற்றி 1869 முதல் 1873 வரை அவர் வெளியிட்ட பெரிய நூலில் முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. பெரணிச் செடிகளைப் பற்றித் தனி நூல்கள் எழுதினார். ஆனால் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியவர் குனிந்து மண்ணையும் பார்த்தார். உளுத்த கட்டையைப் புரட்டினார், கல்லை நகர்த்தினார், ஈரமண்ணைக் கிளறினார். அங்கேதான் அவருடைய மற்றொரு புகழ் ஆரம்பமாகிறது.

தேயிலைத் தோட்டத்தில் மண் வெட்டுகிறவர்களும், மழைக்குப் பிறகு மலைச்சாலையில் நடப்பவர்களும் ஒரு பாம்பைப் பார்த்திருக்கக்கூடும். விரல் பருமன், பளபளப்பான உடல், தலை கூர்மை, கண் கடுகளவு. வால் மட்டும் சீவிவிட்டது போல மொட்டையாக இருக்கும். அந்த மொட்டைப் பகுதியில் முரட்டுச் செதில்கள் சேர்ந்து ஒரு கேடயம்போல் அமைந்திருப்பதால் இதைக் கேடயவால் பாம்பு என்கிறார்கள். மண்ணைத் துளைத்துக்கொண்டு தலை முன்னே போகும். வால் நுனியில் ஒட்டிய மண் பின்னால் வளையை அடைத்துக்கொள்ளும். மண்புழுவே ஆகாரம். குட்டி போடும் ஜாதி. விஷம் கிடையாது. கடிக்கக்கூடத் தெரியாத இந்தச் சாதுப் பிராணியை வால் எது, தலை எது என்று புரியாமல் பயந்து அடிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பம் இல்லை. இதைப் பெடோம் ஆராய்ந்தது போல் அவருக்கு முன் எவரும் ஆராய்ந்ததில்லை. பழனிமலையிலிருந்து 1863-இல் ஒன்று, ஆனைமலையிலிருந்து 1867-இல் இரத்தச் சிவப்பு வயிறு கொண்ட ஒன்றும் செம்புள்ளி கொண்ட ஒன்றும், 1877-இல் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைகளின் பாம்பு என்று பெயர் சூட்டிக்கொண்டே போனார். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. 1886-இல் இந்தியா, இலங்கை இரண்டின் மண்பாம்புகளையும் ஒன்றாகத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்.

புதிய இனம் என்று சொல்லிவிடுவது எளிதல்ல. பிடித்த பாம்பின் உடலைச் சுற்றி எத்தனை வரிசைச் செதில், வயிற்றுத் தகடு எத்தனை, வாலடியில் எத்தனை, தலைத் தகடுகளில் எது எதைத் தொடுகிறது என்றெல்லாம் எண்ண வேண்டும். ஏற்கெனவே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு நிலையானதென்று பட்டால் விவரம் எழுதி அச்சிட வேண்டும். எந்த உடலைப் பார்த்து எழுதினாரோ அது மாதிரியாகக் காட்சிசாலையில் பத்திரமாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் தகராறு வந்தால் அதுவே சாட்சி. பெடோமின் புட்டிகள் ஸ்பிரிட்டில் ஊறிய பிராணிகளோடு லண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலைக்குச் சென்றன. அங்கே குந்தர் என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் பார்த்துத் தாமும் பல இனங்களுக்குப் பெயரிட்டார். பெடோமின் பெயர் தாங்கிய தவளை, தேரை, பாம்பு என்று இத்தனை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏலக்காட்டிலும் தேயிலைக் காட்டிலும் வேலை செய்பவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டிய ஒன்றையும் பெடோம் விவரித்தார். அது பெருஞ்செதில் பச்சைக் குழிவிரியன். ஆனைமலையிலிருந்து கிடைத்தது, 1862-இல் பெயரிட்டார். மற்ற விரியன்களுக்குத் தலையில் பொடிச் செதில். இதற்குப் பெரிய பெரிய செதில். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி; இரையின் உடற்சூட்டை அதால் அறியும். செடியோடு செடியாகப் பச்சையாய் ஒட்டிக் கிடப்பதால் கைபட்ட பிறகுதான் தெரியும். மூணாறு, இரவிகுளம் சோலைகளில் முதுகில் முள்வரிசையோடு நிற்கும் ஆனைமலை ஓணானுக்கும் பெயர் வைத்தவர் அவரே, அது 1878-இல்.

அதே 1878-இல் வந்ததுதான் கருந்தவளை. பெரியதன்று, ஒரு கட்டைவிரல் நீளம் இருந்தால் அதிகம். உடல் முழுதும் கரி. அதில் வெளிர்நீலப் பொடி தூவியது போன்ற புள்ளிகள். தொடையிலும் மார்பிலும் மட்டும் செந்தூரச் சிவப்பு. உளுத்த மரத்துக்கடியில் அசையாமல் கிடக்கும். அதுவரை அறிந்த எந்தத் தவளையோடும் சேராததால் பெடோம் அதற்குத் தனிப் பேரினமே ஏற்படுத்தினார். மெலனோபாட்ராக்கஸ் இண்டிகஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். அந்தப் பேரினத்தில் இன்றுவரை அது ஒன்றே ஒன்று.

பெடோமிடம் குறை இல்லாமல் இல்லை. பல புட்டிகளில் ஆனைமலை, மலபார், திருவிதாங்கூர் என்று மட்டும் எழுதி விட்டார். ஆனைமலை என்றால் எந்தச் சரிவு, எந்த ஓடை? ஒரு மலைத்தொடர் முழுவதையும் விலாசமாகக் கொடுத்தால் பின்னால் வருகிறவன் எங்கே போய்த் தேடுவான்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் துணையின்றி எந்த அதிகாரியும் நடந்ததில்லை. காடர், மலைமலசர், புலையர், முதுவர் ஆகிய மக்களுக்கே அந்தத் தடங்கள் தெரியும். புட்டியில் பெடோம் பெயர் இருக்கிறது. கட்டையைப் புரட்டிக் காட்டியவன் பெயர் இல்லை. அதே வனத்துறைதான் காடெரித்து மாறிமாறிப் பயிரிடும் அவர்களுடைய பழக்கத்துக்குத் தடை போட்டது என்பதையும் மறப்பதற்கில்லை.

1882-இல் அவர் சென்னையை விட்டார். இங்கிலாந்தில் வாண்ட்ஸ்வொர்த்தில் வீடு. பெரணிகளைப் பற்றிய கையேடு 1883-இல் வெளியாயிற்று. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி, எண்பது வயதில், அங்கேயே காலமானார். அதற்குள் அவர் நடந்த மலைகளில் பல இடங்களில் சோலை போய்த் தேயிலை வந்திருந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்கள் மூணாறு லயங்களில் குடியேறியிருந்தன.

அவர் கணக்கு அத்தோடு முடியவில்லை. அவர் சேகரித்து அனுப்ப, குந்தர் 1875-இல் ஆனைமலைப் பல்லி என்று பெயரிட்ட ஒன்றை நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இனம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2019-இல் இந்திய ஆய்வாளர்கள் அதை மறுபடி எண்ணினார்கள். உடற்கூறோடு மரபணுவையும் பார்த்தார்கள். அதே ஜாதியில் மேலும் ஆறு இனங்கள் தேறின. அவற்றுள் ஒன்றுக்குத் தலைச்சேரியில் பிறந்த தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாளின் பெயர்.

கருந்தவளையோ பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அழிந்திருக்கும் என்று கூடப் பயந்தார்கள். 1997-இல் களக்காட்டு மலைக்காட்டிலிருந்து அதை மீண்டும் கண்ட செய்தி வெளியாயிற்று. பிறகு இடுக்கி மாவட்டத்து மலைகளிலும் அகப்பட்டது, உளுத்த கட்டைக்கு அடியில், அசையாமல்.