முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டவர்

கென்யா பயணத்துக்காக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஏற்ற டிக்கோயாவிலிருந்து கொழும்புக்குப் போய் வந்தேன். புறப்படப் பத்து நாட்களுக்கு முன்பாவது அதை ஏற்றியிருக்க வேண்டும். அந்த நோயுள்ள நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களிடம் இலங்கையும் அதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்கிறது.

அட்டையை வீட்டில் காட்டியபோது, அப்பாயி தன் மேற்கையில் இருந்த வட்டத் தழும்பைக் காட்டினார். சிறுமியாகத் தாய் தகப்பனோடு கண்டிச் சீமைக்கு வந்தபோது மண்டபம் முகாமில் குத்திய அம்மை ஊசி. அங்கே நாட்கணக்கில் தடுத்துவைத்து, ஊசி போட்ட பிறகே கப்பலேற்றினார்களாம். போடலாமா என்று யாரும் கேட்கவில்லையாம்.

தோட்டத்து மக்களுக்குப் போடப்பட்ட ஊசிகளின் கதையைத் தேடியபோதுதான் வால்டெமர் ஹாஃப்கினைப் பற்றி விரிவாகப் படித்தேன்.

1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். யூதர்கள் மீது வன்முறை நடந்தபோது தன் மக்களைப் பாதுகாக்க இறங்கிக் கைதானார். மதம் மாறினால் பல்கலைக்கழகப் பதவி கிடைத்திருக்கும்; மறுத்தார். 1888இல் நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார்.

அங்கேதான் கொலராத் தடுப்பூசியை உருவாக்கினார். 1892 ஜூலை 18இல் அதை முதலில் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். கல்கத்தாவின் சேரிகளில் மக்கள் பயந்து ஒதுங்கியபோது அவர்கள் முன்னாலேயே தனக்கு ஊசி போட்டுக் காட்டினார். அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார். தூர ஊர்களிலிருந்து கூட்டமாக ஏற்றிவரப்பட்ட தொழிலாளர்கள் வழியிலும் லயன்களிலும் கொலராவால் இறந்துகொண்டிருந்த காலம் அது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. சில மாதங்களில் தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10இல் அதையும் முதலில் தனக்கே ஏற்றிக்கொண்டார்.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு அந்த ஊசி போடப்பட்டது. ஒரே போத்தலிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ஏற்புவலி கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பதவி போனது. கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அந்தப் போத்தலின் அடைப்பானை எடுத்ததே காரணம் என்ற வாதம் மெல்ல மெல்லத்தான் ஏற்கப்பட்டது. ரொனால்ட் ரோஸ் முதலானோர் அவருக்காகப் பகிரங்கமாக எழுதினார்கள். 1907இல் குற்றம் நீங்கியது. ஆனால் பழைய அதிகாரம் திரும்பவில்லை. 1925இல் பம்பாய் ஆய்வுகூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் காலமானார்.

அவர் மருந்தில் குறை சொன்னவர்கள் உண்டு. தனக்குப் போடாததை இன்னொருவருக்குப் போட்டார் என்று சொல்ல முடியாது. ஏழைகள் ஊசிக்குப் பயந்ததை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அவரோ அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வது மருத்துவரின் கடமை என்று நடந்துகொண்டார்.

மண்டபம் முகாம் 1983க்குப் பிறகு நம்மில் பலருக்கு இன்னொரு வகையில் தெரியும். அப்பாயி கப்பலேறிய அதே கரையில், போருக்குத் தப்பியவர்கள் படகிலிருந்து இறங்கி வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பவரிடம் பெயரைக் கேட்பார்கள். சம்மதத்தைக் கேட்பது அபூர்வம்.

என் மஞ்சள் அட்டையில் ஊசியின் பெயர், திகதி, என் கையொப்பம் எல்லாம் இருக்கின்றன. அப்பாயியிடம் தழும்பு மட்டும்தான் இருக்கிறது.