லூயி ரெனோ: எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க நினைத்தவர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே இருக்கும் பிரெஞ்சு போர் நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களின் நினைவாக எழுப்பியது. அதே போரில், 1914 செப்டம்பரில், பாரிஸிலிருந்து மார்ன் போர்முனைக்குப் படைவீரர்களை ஏற்றிப்போன சுமார் 600 டாக்சிகளில் பெரும்பாலானவை ஒரே ஆளின் தொழிற்சாலையில் உருவானவை. அவர் லூயி ரெனோ. லாரி எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் மாட்டலாமா என்று இன்று ஷெட்டில் பேசுகிறோமே, அந்த யோசனையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1877-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா துணி, பட்டன் வியாபாரி. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. பையனுக்குப் படிப்புதான் ஏறவில்லை. பில்லன்கூரில் இருந்த குடும்பத் தோட்டத்துக் கொட்டகையே கதி என்று கிடந்தார்.

அங்கே அவர் செய்ததை இன்றைய பாஷையில் ‘மாடிஃபிகேஷன்’ என்று சொல்லலாம். டி தியோன்-பூட்டோன் கம்பெனியின் மூன்று சக்கர வண்டியைப் பிரித்து நான்கு சக்கரமாக்கினார். அப்போதெல்லாம் எஞ்சினின் சுழற்சி செயின், பெல்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். ரெனோ கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் வைத்து நேராகக் கொடுத்தார். 1898 டிசம்பர் 24 இரவு, மோன்மார்த்ர் பகுதியின் செங்குத்தான லெபிக் தெருவில் வண்டி சிரமமில்லாமல் ஏறியது. அன்றே 12 ஆர்டர். வயசு 21.

1902-ல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். ஜெர்மனியில் டைம்லர் 1885-லேயே இப்படி யோசித்திருந்தார். விஷயம் இதுதான்: எஞ்சின் தானாக இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. எஞ்சினே சுற்றும் ஒரு கம்ப்ரஸர் மூலம் கூடுதல் காற்றைத் தள்ளினால், கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், பவர் ஏறும். ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். பெட்ரோல் எஞ்சினில் ‘நாக்கிங்’ வரும், பிஸ்டன் உருகும், ஹெட் கேஸ்கெட் போகும். அதனால்தான் கம்பெனி எஞ்சினில் மாட்டும்போது அழுத்தத்தைக் குறைவாக வைத்து, இன்டர்கூலர் போட்டு, எரிபொருள் அளவையும் திருத்த வேண்டும். (நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு விடாது.) இன்றைய டீசல் லாரிகளில் இருப்பது பெரும்பாலும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ. அது சுவிஸ்காரர் ஆல்ஃபிரட் பூகியின் 1905 காப்புரிமையிலிருந்து வளர்ந்தது.

அடுத்த வருஷமே பேரிடி. 1903 பாரிஸ்-மாட்ரிட் பந்தயத்தில் அண்ணன் மார்செல் விபத்தில் இறந்தார். அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த லூயி, அதோடு பந்தயத்தை விட்டுவிட்டார். இன்னொரு அண்ணன் ஃபெர்னானும் 1909-ல் போய்விட, கம்பெனி முழுக்க இவர் கைக்கு வந்தது. டாக்சி, லாரி, விமான எஞ்சின், 1917-ல் எஃப்டி டாங்கி என்று வளர்ந்தது. முதல் போர் முடிந்தபோது நாட்டுக்கே ஹீரோ.

இரண்டாம் உலகப் போரில் எல்லாம் தலைகீழ். ஜெர்மனி பிரான்சைப் பிடித்த பிறகு, அவருடைய ஆலை ஜெர்மன் ராணுவத்துக்கு லாரி செய்து கொடுத்தது. 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் பில்லன்கூர் ஆலை மீது குண்டு போட்டன. பாரிஸ் விடுபட்டதும், 1944 செப்டம்பரில், எதிரிக்கு உதவியதாகச் சொல்லிக் கைது செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்தாரா, ஆலையைக் காப்பாற்றச் செய்தாரா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. விசாரணைக்கு முன்பே, அக்டோபர் 24 அன்று இறந்துபோனார். சிறையில் அடித்தார்கள் என்று மனைவி சொன்னார். 1945 ஜனவரியில் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது.